மாதையனின் கை மந்தமில்லை

நான் ஏமாற்றி ஜெயித்தவன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் படித்தாலும் சரி, தூக்கிப் போட்டாலும் சரி.

ஏற்காட்டில் ஒரு வீடியோ கேம் பெட்டியின் முன்னால் நின்று, என் நண்பன் மாதையனைத் தோற்கடித்தேன். அந்த ஆட்டத்தில் ஜெயிப்பவனுக்கு எஸ்டேட்டில் ஜீப் டிரைவர் வேலை என்று பேச்சு. வேலை எனக்கு வந்தது. மாதையன் மனைவியைக் கூட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கிப் போனான். அவன் பிடித்திருந்த ஜாய்ஸ்டிக் குச்சி பழுது என்பது ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சிரிக்கிறீர்களா? பொம்மைச் சண்டைக்கு ஒரு வாக்குமூலமா என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். நானும் ஆறு வருடமாக இதையே கேட்டுத்தான் என்னை ஏமாற்றிக்கொண்டேன். பொம்மை அடி வாங்கியதற்கு யாருக்காவது தூக்கம் கெடுமா என்று... கெடுகிறதே!

தொண்ணூறுகளின் தொடக்கம். ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வீடியோ கேம் கடை. முதலாளி சேலத்தில் இருந்தார். வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். கடையைத் திறப்பது, டோக்கன் கொடுப்பது, பெட்டிகளைத் துடைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் நான்தான். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

கடையில் நாலு பெட்டிகள். மூன்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நாலாவதுதான் சண்டைப் பெட்டி. இரண்டு பேர் அருகருகே நின்று, ஆளுக்கொரு குச்சியைப் பிடித்து, ஆளுக்கொரு வீரனை மோதவிடலாம். ஞாயிற்றுக்கிழமையானால் அதைச் சுற்றி ஊரே நிற்கும்.

மாதையன் பக்கத்தில் வெள்ளக்கடை கிராமத்தைச் சேர்ந்தவன். என் வயதுதான். எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை. அவன் மனைவி பூங்கொடி அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தாள். நானும் அவனும் ஒரே நாளில் சேலம் போய் லைசென்ஸ் வாங்கியவர்கள். காய்கறி வேனுக்கு டிரைவர் வராத நாட்களில் எங்கள் இருவரில் ஒருவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஓட்டுவதில் சமம். ஆட்டத்தில்? அங்கே அவன் என்னைத் துவைத்துக் காயப்போட்டான்!

அவன் கை அப்படி. பொத்தான்களின் மேல் விரல்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாது. வாயும் ஓயாது. "வாடா ராசு, வா சாமி, இன்னொண்ணு வாங்கிக்கோ, இந்தா, இந்தா..." என்று பேசிக்கொண்டே அடிப்பான். கூட்டம் சிரிக்கும். "ஏனுங்க, கடைக்காரரே இப்பிடித் தோத்தா நாங்கெல்லாம் எங்க போறது?" என்று யாராவது ஒருவர் கேட்பார். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் பற்றி எரியும்.

எனக்குக் கோபம் அதிகம். பார்த்தால் சாதுவாகத் தெரிவேன். வாங்கிய அடியை மறக்கமாட்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தில் அரைகுறை எதற்கு?

அவன் அளவுக்கு வேகமாக அடிக்க என்னால் முடியாது என்பது இரண்டே மாதத்தில் புரிந்துவிட்டது. அப்படியானால் என்ன செய்வது? அடியை நிறுத்தக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அந்தப் பெட்டியில் தடுப்பது சுலபம் போலத் தெரியும். குச்சியைப் பின்னால் இழுத்தால் நம் வீரன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்குவான். அவ்வளவுதான். ஆனால் பயந்துபோய் இழுத்தே பிடித்துக்கொண்டிருந்தால் எதிராளி நெருங்கிவந்து நம்மைத் தூக்கி எறிவான். தாமதமாக இழுத்தால் அடி விழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு கணம் இருந்தது. கண் இமைக்கும் நேரத்தில் பாதிகூட இருக்காது. அந்தக் கணத்தில் இழுத்தால் அடி நம்மேல் பட்டும் படாமல் போகும். அடித்தவன் நிலைகுலைந்து நிற்பான். அப்போது நீங்கள் எதைச் செய்தாலும் அவனால் தடுக்க முடியாது.

அந்தக் கணம் எனக்கு வேண்டும். எத்தனை நாளானாலும் சரி!

மழையும் மூடுபனியுமாக இருந்த மாதங்களில் ஊருக்கு வெளியாட்கள் வருவதில்லை. பகல் முழுவதும் கடை காலி. பெட்டியைச் சோதித்துப் பார்க்கும் சாக்கில் நான் தனியாக ஆடினேன். ஒரு மாதம் முழுவதும் ஒரு குத்துக்கூட விடவில்லை. பெட்டிக்குள் இருக்கும் வீரர்கள் ஒவ்வொருவராக வந்து என்னை அடித்தார்கள். நான் தடுக்க மட்டும் செய்தேன்... தடுக்க முயன்றேன் என்பதுதான் சரி.

முதல் வாரம் வெட்கக்கேடு. அடி வருவதற்கு முன்பே என் கை பதறி இழுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொம்மையின் முகத்தில் விழப்போகும் குத்துக்கு என் உடம்பு ஏன் கூச வேண்டும்? என்னையே திட்டிக்கொண்டேன். மறுபடி நின்றேன்.

பிறகுதான் ஒன்று புரிந்தது. நான் எதிராளியின் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டி கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. பார்க்க வேண்டியது தோளை. மொட்டைத்தலை வீரன் உதைக்குமுன் இடது தோளைக் கொஞ்சம் இறக்குவான். நெட்டையன் குதிகாலைத் தூக்குவான். சடை போட்ட பெண் வீராங்கனையின் சடை முன்னால் வந்தால் குத்து, பின்னால் போனால் உதை. இவையெல்லாம் மனப்பாடம் ஆகும்வரை நின்றேன். கால் வீங்கியது. இடது கை உள்ளங்கையில் குச்சியின் உருண்டை அழுத்திக் காய்த்துப்போனது.

கண்ணால் பார்த்துக் கைக்குச் சொல்லும் பழக்கம் போய், கையே பார்க்கத் தொடங்கியது ஒருநாள். மூன்று அடிகளை அடுத்தடுத்து அந்தக் கணத்தில் தடுத்தேன். கடையில் ஆளே இல்லை. நான் ஒருவனாகக் கைதட்டிக்கொண்டேன்! வாழ்க்கையில் நான் நேர்மையாகச் சம்பாதித்தது ஒன்று உண்டென்றால் அது அந்தத் திறமைதான். அதனால்தான் பின்னால் செய்தது இத்தனை வலிக்கிறது.

பெட்டியைத் தடுக்கலாம். மனிதனைத் தடுப்பது வேறு. மாதையன் ஏமாற்றுவான், தயங்குவான், திடீரென்று மாற்றுவான். அவனிடம் நாலு வாரம் அடி வாங்கிக்கொண்டே கவனித்தேன். ஓயாமல் பேசும் அவன் வாய், பெரிய உதைக்கு முன்னால் மட்டும் நின்றுவிடும். "வா சாமி, வா..." என்பான், ஒரு சின்ன மௌனம், உதை! அந்த மௌனத்தில் நான் குச்சியை இழுத்தேன். அவன் வீரன் தள்ளாடினான். என் உதை விழுந்தது. மாதையன் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"டேய்... எப்பிடிறா அது?"

"எது?"

"நல்லாத் தெரிஞ்சுட்டே கேக்கறான் பாரு! இரு, நானும் கத்துக்கறேன்."

கற்றுக்கொண்டான். நான் மூன்று மாதத்தில் கற்றதை அவன் மூன்று வாரத்தில் கற்றான். ஆட்டத்திலும் சமமானோம். ஒருநாள் அவன், ஒருநாள் நான். அந்த வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

அப்போதுதான் எஸ்டேட் ஜீப்பின் பழைய டிரைவர் வேலையை விட்டு நின்றார்.

அது சின்ன வேலையல்ல. நிரந்தர வேலை. அதோடு எஸ்டேட்டில் ஓடு போட்ட வீடு ஒன்று. மாதையனுக்கு அது உயிர்நாடி. எஸ்டேட்டில் ஆட்களைக் குறைக்கப் போவதாகவும் மருந்தடிப்பவர்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்றும் பேச்சு இருந்தது. இந்த வேலை கிடைத்தால் அவன் மலையிலேயே இருக்கலாம். பூங்கொடி தன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போக வேண்டியதுதான். இது எனக்குத் தெரியும். அவனே சொன்னான்.

எனக்கு? நான் போகாவிட்டால் குடி முழுகிப் போயிருக்காது. கடை வேலை இருந்தது. ஆனாலும் எனக்கு அந்த ஜீப் வேண்டும் என்றிருந்தது. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கூட்டம் வழிவிட, ஹாரன் அடித்துக்கொண்டு... ஆசைக்குக் காரணம் கேட்காதீர்கள். என்னிடம் இல்லை.

இருவரும் ரைட்டரிடம் போய்க் கேட்டோம். எஸ்டேட்டில் ஆட்களுக்குப் பேர் போட்டு வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர். டிரைவரைத் தேர்வு செய்யும் பொறுப்பையும் எஸ்டேட்டை நடத்தும் துரை அவரிடமே விட்டிருந்தார். ஞாயிறு சந்தை முடிந்தால் எங்கள் கடைக்கு வந்து ஒரு மணி நேரம் ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் போவார்.

"ரெண்டு பேரு வண்டியிலயும் ஏறி எறங்கிப் பாத்துட்டேன் கண்ணு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது," என்றார். "ஒருத்தனுக்குக் குடுத்தா இன்னொருத்தன் மனசு நோவும். நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. மேல ஏத்தறது எவனும் ஏத்திருவான். எறங்கறப்ப, வளைவுல எதுக்க பஸ்ஸு வந்தா, காலு எப்பப் பிரேக்குக்குப் போவுது? முன்னால போனா பின்னால வர்றவன் முட்டுவான். பின்னால போனா முடிஞ்சுது சோலி. அந்த நிதானம் எவங்கிட்ட இருக்குதுன்னு உங்க மெசின்லயே தெரிஞ்சு போயிருமே!"

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வருகிறவர்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். சமவெளிக்காரன் எவனும் இதை ஒப்புக்கொள்ளமாட்டான். நாங்கள் ஒப்புக்கொண்டோம். மாதையன் முதலில் தலையாட்டினான். வரும் ஞாயிறு, சந்தை முடிந்ததும், மூன்று ஆட்டம் என்று முடிவானது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

ஏற்காட்டில் மூடுபனி மாதங்களில் எதுவும் உலராது. பீரோவில் இருக்கும் துணியில்கூடப் பூஞ்சணம் பூக்கும். அதற்காகப் பல வீடுகளில் பீரோவுக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டு எரியவிடுவார்கள். அதே வைத்தியத்தை நான் சண்டைப் பெட்டிக்கும் செய்திருந்தேன். குச்சியின் அடியில் நாலு பக்கமும் சின்னச் சின்னச் செப்புத் தகடுகள் உண்டு. குச்சி சாயும்போது தகடுகள் தொட்டுக்கொண்டால்தான் திரையில் வீரன் அசைவான். ஈரம் ஏறினால் தகட்டில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். தொட்டாலும் தொடாத மாதிரி ஆகிவிடும். அதனால் இடது குச்சிக்கு அடியில் ஒரு பல்பு, வலது குச்சிக்கு அடியில் ஒரு பல்பு. இரண்டும் எப்போதும் எரியும்.

அந்த வியாழக்கிழமை வலது பக்கத்துப் பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது.

நான் எதுவும் செய்யவில்லை. சத்தியமாக நான் பிடுங்கவில்லை! தானாகப் போனது. மேஜை டிராயரில் புதுப் பல்பு இருந்தது. எடுத்து மாட்ட ஒரு நிமிடம் போதும். நாளைக்கு மாட்டலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே நினைத்தேன். சனிக்கிழமை அப்படி நினைக்கவில்லை... சனிக்கிழமை அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பாடுபட்டேன். எதற்குப் பாடுபட்டேன் என்று தெரிந்துகொண்டேதான் பாடுபட்டேன்.

ஞாயிறு காலை கடையைத் திறந்தேன். மூன்று நாளாகப் பனி விலகவில்லை. வலது குச்சியைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். வீரன் கையைத் தூக்கினான். மறுபடி இழுத்தேன், தூக்கினான். மூன்றாவது முறை இழுத்தேன், சும்மா நின்றான். பத்து முறை இழுத்தால் இரண்டு முறை தவறியது. முன்னால், மேலே, கீழே எல்லாம் ஒழுங்கு. பின்னால் மட்டும், தடுப்பதற்கு மட்டும், நம்ப முடியாது.

தகடு தேய்க்கும் எமரித் தாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது. பெட்டியைத் திறந்து நாலு தேய் தேய்த்திருந்தால் முடிந்தது விஷயம். நான் பெட்டியின் மேல்பக்கத்தைத் துணியால் பளபளவென்று துடைத்தேன்.

மதியம் கூட்டம் வந்தது. ரைட்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். பூங்கொடிகூட வந்திருந்தாள்; பெண்கள் யாரும் அந்தக் கடைக்குள் வரமாட்டார்கள், அவள் வாசல் ஓரம் நின்றாள். நான் முந்திக்கொண்டு இடது பக்கம் போய் நின்றேன். மாதையன் வலது பக்கம் வந்தான். குச்சியை நாலு பக்கமும் லேசாக ஆட்டிப் பார்த்தான்.

"ராசு, குச்சியெல்லாம் ஒழுங்கா இருக்குதுல்ல?"

எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. அவனாகவே கையில் கொடுத்தான்.

"இருக்குது," என்றேன்.

முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன். அதில் அவன் குச்சி ஒருமுறைகூடத் தவறவில்லை. ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இரண்டாவது ஆட்டம் அவன் ஜெயித்தான். என்ன ஆட்டம் அது! என் நாலு அடிகளை வரிசையாக அந்தக் கணத்தில் நிறுத்தினான். "அப்பிடிப் போடு!" என்று ரைட்டரே கத்தினார்.

அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது தெரியுமா? குச்சி சரியாகிவிட்டது, நான் பாவம் எதுவும் செய்யவில்லை, இனி யார் ஜெயித்தாலும் நியாயம்தான் என்று நினைத்தேன். அந்த நிம்மதியோடுதான் மூன்றாவது ஆட்டத்துக்கு நின்றேன்.

திரையில் இரண்டு வீரர்களுக்கும் உயிர் கோடளவுதான் மிச்சம் இருந்தது. இன்னும் ஒரே ஓர் அடி. யார்மேல் விழுந்தாலும் முடிந்தது. மாதையன் பேசிக்கொண்டே இருந்தான். "வா சாமி, வா சாமி..." பேச்சு நின்றது. நான் இழுத்தேன். தடுத்தேன்! ஆனால் ஒரு மயிரிழை முந்திவிட்டேன். அவன் வீரன் தள்ளாடவில்லை. நான் உதைத்தேன். என் வீரன் தோளை இறக்கினான். மாதையன் அதைப் பார்த்தான். அவன் மணிக்கட்டு பின்னால் போனதை நான் பார்த்தேன். சரியான நேரத்தில் போனது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நான் மூன்று மாதம் தேடிய அந்தக் கணத்தில், துல்லியமாக, அவன் கை குச்சியை இழுத்தது.

திரையில் அவன் வீரன் கையைத் தொங்கவிட்டபடி நின்றான். உதை விழுந்தது.

கடை அதிர்ந்தது. யாரோ என்னைத் தூக்கினார்கள். இறக்கிவிட்டபோது மாதையன் இன்னும் குச்சியைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"லேட்டாயிருச்சாடா?" என்று கேட்டான். கூட்டத்தைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டான். அந்த ஊரில் அந்தக் கணத்தைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னைக் கேட்டான்.

நான் சொன்னேன்: "ஆமா. கொஞ்சம் லேட்டு."

பல்பை மாற்றாதது ஒரு தப்பு. குச்சி ஒழுங்கு என்று சொன்னது ஒரு தப்பு. ஆனால் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தது இந்த மூன்று வார்த்தைகளை. வேலையை எடுத்துக்கொண்டதோடு நிறுத்தியிருக்கலாமே! அவன் கையையும் அவனிடமிருந்து எடுத்துவிட்டேனே!

மறுநாள் அவன் வருவதற்கு முன்னால் கடைக்குப் போய்ப் பல்பை மாட்டினேன், தகட்டைத் தேய்த்தேன். அவன் வரவில்லை. பிறகு எப்போதும் வரவில்லை. "என்ற கை மந்தமாயிருச்சு, அவந்தான் சரி," என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்காக ரைட்டரிடம் சிபாரிசுகூடச் செய்தான். மூன்று மாதத்தில் எஸ்டேட்டில் ஆட்களைக் குறைத்தார்கள். மாதையனும் பூங்கொடியும் திருப்பூருக்குப் போனார்கள். பஸ் ஏறும்போது பூங்கொடி அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை, புதுக் காக்கிச் சட்டையில், ஜீப்பில் சாய்ந்து நின்று பார்த்தேன்.

குச்சி நன்றாக இருந்து, அவன் அந்த உதையைத் தடுத்திருந்தாலும் அடுத்த அடியில் நான் ஜெயித்திருக்கலாமோ? ஜெயித்திருக்கலாம். ஜெயிக்காமலும் போயிருக்கலாம். அத்தனை நாள் நின்று கற்ற வித்தை நிஜமாகவே எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை நான் தொடவில்லை.

ஆறு வருடம். தடுக்க வேண்டிய கணம் தெரிந்த எனக்கு, சொல்ல வேண்டிய நேரம் மட்டும் தெரியவே இல்லை. அவன் கடிதம் போட்டபோது சொல்லியிருக்கலாம். என் கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் அடுத்த முறை என்றேன்.

போன மே மாதம் சேர்வராயன் கோயில் பண்டிகைக்கு இருவரும் வந்தார்கள். வாழவந்தியில் பூங்கொடியின் அம்மா வீட்டில் தங்கியிருந்தார்கள். ஊர் திரும்பும் நாளில் பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனேன்.

மாதையன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பூங்கொடி பைகளோடு பின்னால். அவனே பேச்சை ஆரம்பித்தான்.

"எங்க மொதலாளி வேன் ஓட்டச் சொல்லி என்னையக் கூப்புட்டாரு ராசு. மாட்டேனுட்டேன். 'கை மந்தமுங்க, நாலு பேரு உசுரு சமாச்சாரமுங்க'ன்னு சொல்லிப்போட்டேன். பண்டல் தூக்கறதே போதும்னு இருக்குது. லைசென்சைக்கூட அப்பறம் புதுப்பிக்கலே."

சிரித்துக்கொண்டே சொன்னான். நான் சொல்லிவிட்டேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு, களிம்பு, எமரித் தாள், "கொஞ்சம் லேட்டு" என்ற பொய்... ஒன்றையும் விடவில்லை.

மாதையன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அட போடா! என்னையத் தேத்தறதுக்கு இப்பிடியொரு கதையா? பாத்தியா புள்ளே, இவன் நொம்ப நல்லவன். ஊட்டுக்காரியே என்னை மந்தம்னு திட்டறா, இவன் பாரு, ஜெயிச்சதையே உட்டுக் குடுக்கறான்!"

அவன் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். நல்லவன் என்றான்!

"கதையில்லடா. நெசம். குச்சி கெட்டுப் போயிருந்துது. எனக்குத் தெரியும்," என்று மறுபடி சொன்னேன். அவன் என் தோளில் தட்டிக்கொடுத்தான். பின்னாலிருந்து பூங்கொடியின் குரல் வந்தது.

"ஏனுங்க... அன்னைக்கு நீங்க குச்சிய இழுத்தீங்களா, இழுக்கலையா?"

"எப்பவோ நடந்தது, இப்ப என்ன புள்ளே?"

"இழுத்தீங்களா?"

மாதையன் என் தோளிலிருந்து கையை எடுத்தான். முன் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்தான். ஆறு வருடமாக அவன் தன்னையே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. லேட் என்று நான் சொன்னதை வாங்கி வைத்துக்கொண்டவனுக்குக் கேட்கத் தோன்றியிருக்காது.

"இழுத்தேன்," என்றான் மெதுவாக. "இழுத்தேன் புள்ளே. அவன் தோளு எறங்கறப்பவே இழுத்துட்டேன்."

இன்னும் இரண்டு வளைவுகள் கடந்தோம். பஸ் ஸ்டாண்ட் கால் மணி நேர நடை தூரத்தில் இருந்தது.

"வண்டிய நிறுத்துங்க," என்றான் மாதையன்.

நிறுத்தினேன். இறங்கினான். பைகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். எப்போது கிளம்பினாலும் "வரேனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போகும் பூங்கொடி என் முகத்தைப் பார்க்காமல் இறங்கினாள். இருவரும் ரோட்டோரமாக நடந்தார்கள். நான் வெகுநேரம் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலையே ரைட்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, ஜீப் சாவியை அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். "பழைய கதை சாமி. இப்ப வண்டிக்கு வேற ஆளுக்கு நான் எங்க போறது? உனக்கும் பொண்டாட்டி புள்ளைன்னு ஆச்சு. போயி வேலையப் பாரு," என்று சாவியைத் திருப்பித் தள்ளினார்.

நான் எடுத்துக்கொண்டேன். என்னைக் கட்டாயப்படுத்தி யாரும் கையில் திணிக்கவில்லை. நானேதான் எடுத்துக்கொண்டேன்.

மாதையனுக்கு மூன்று கடிதம் போட்டேன். முதலாளியிடம் போய் வேன் ஓட்டுகிறேன் என்று சொல், உன் கையில் ஒரு குறையும் இல்லை, அதற்கு நான் சாட்சி என்று எழுதினேன். பதில் இல்லை. நாலாவது கடிதமும் போடுவேன். நேரில் போவேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்று சொல்வேன். அவன் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்வரை விடமாட்டேன். மன்னிப்பானா என்று கேட்காதீர்கள். நான் அதற்காகப் போகவில்லை. நான் அவன் இடத்தில் இருந்தால் மன்னிக்கமாட்டேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டும். நான்தான் டிரைவர்.